என்ட்ரோபி 4.7 என்று வந்தால் அது புற்றுநோயா?

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 58 வயது. வலது மார்பில் 12 மி.மீ. கட்டி. மேமோகிராமில் தெளிவாகத் தெரியவில்லை என்று எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார்கள். ‘கட்டிக்குள் மருந்து சீரில்லாமல் ஏறியிருக்கிறது, பைராட்ஸ் 4, பயாப்சி செய்யவும்’ என்று ரிப்போர்ட். சென்னையில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் தம்பி அந்த சிடியை ஒரு இலவச மென்பொருளில் போட்டு டெக்ஸ்சர் அனாலிசிஸ் செய்தான். என்ட்ரோபி 4.7 வந்ததாம். என்ட்ரோபி கூடினால் கேன்சர் என்று படித்தேன் என்கிறான். பெரியம்மாவோ ‘ஊசி குத்துனா பரவிரும்னு எல்லாரும் சொல்லுதாவ’ என்று பயமுறுத்துகிறார். படத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்றால் ஊசி எதற்கு? இந்த 4.7ஐ நம்பலாமா?"

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன், தாயி. பயாப்சியை, அதாவது ஊசியால் கட்டியிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பரிசோதனையை, தள்ளிப் போடாதீர்கள். என்ட்ரோபி என்பது படத்தில் கட்டிக்குள் சாம்பல் நிறங்கள் எவ்வளவு கலந்து கிடக்கின்றன என்று காட்டும் ஓர் எண். அந்த 4.7 அம்மாவுக்குப் புற்றுநோய் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்காக உங்கள் தம்பி செய்தது வெட்டி வேலை என்று நினைக்க வேண்டாம். அவர் தொட்டிருப்பது ஐம்பது வருஷத்துக்கு மேல் வரலாறு உள்ள, உண்மையிலேயே அழகான ஒரு கணக்கு. அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்தால் உங்கள் குழப்பம் பாதி குறையும். பாளையங்கோட்டையில் ஸ்கேன் படங்களைப் படித்து ரிப்போர்ட் எழுதுவதுதான் எனக்கு வேலை. மார்பக எம்ஆர்ஐ அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பைராட்ஸ் என்பது அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி வகுத்த தர எண். 3 என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்குள். 5 என்றால் 95 சதவீதமோ அதற்கு மேலோ. நடுவில் வருவதெல்லாம் 4. நூற்றுக்கு மூன்று வாய்ப்புள்ள கட்டிக்கும் 4தான், நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்புள்ள கட்டிக்கும் 4தான். இவ்வளவு அகலமான இடைவெளியில் அம்மாவின் கட்டி எந்த ஓரத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள நினைப்பது நியாயம்தானே. எங்களுக்கும் அதே ஆசை உண்டு. மார்பக எம்ஆர்ஐக்குள் டெக்ஸ்சர் கணக்கு நுழைந்ததே அந்த ஆசையால்தான்.

அம்மா அந்த மிஷினில் குப்புறப் படுத்திருப்பார்கள். இரண்டு மார்பும் தொங்குவதற்குக் குழி வைத்த, ‘காயில்’ (coil) என்று சொல்லும் சிக்னல் வாங்கும் கருவி ஒன்று கீழே இருந்திருக்கும். முதலில் மருந்து போடாமல் ஒரு படம். பிறகு கை நரம்பில் காடோலினியம் மருந்து, வழக்கமாக உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிமோல் கணக்கில். அது ஓடிய பிறகு ஒன்று ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு தரம் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படம் பிடிப்பார்கள். மருந்துக்குப் பிந்தைய படத்திலிருந்து முந்தைய படத்தைக் கழித்தால் மருந்து ஏறிய இடம் மட்டும் வெள்ளையாக எழுந்து நிற்கும். புற்றுநோய் தன் வளர்ச்சிக்காகப் புதுப்புது ரத்தக் குழாய்களை அவசரமாக உண்டாக்கிக்கொள்ளும். அவசரத்தில் கட்டிய குழாய் ஒழுகும். மருந்து சட்டென்று உள்ளே வரும், சட்டென்று வெளியேயும் போகும். அந்தப் போக்கை ஒரு கோடாக வரைந்து பார்ப்பது எங்கள் பழைய வழக்கம். 1999-ல் ஜெர்மனியில் கிறிஸ்டியானே கூல் குழுவினர் 266 கட்டிகளை இப்படி வரைந்து பார்த்தார்கள். புற்றுநோய்க் கட்டிகளில் 57 சதவீதத்தில் மருந்து ஏறி இறங்கியது. சாதாரணக் கட்டிகளில் அப்படி இறங்கியது 5.5 சதவீதம்தான். நல்ல வித்தியாசம். ஆனால் அதே கணக்கில், புற்றுநோய்க் கட்டிகளில் ஏறக்குறைய 9 சதவீதம் சாதுக் கட்டி மாதிரியே மெதுவாக ஏறிக்கொண்டே இருந்தன. கோட்டை மட்டும் நம்ப முடியாது என்பது அன்றே தெரிந்துவிட்டது.

அப்போது பார்வை கட்டியின் உட்புறத்துக்குத் திரும்புகிறது. மருந்து எவ்வளவு ஏறியது என்பதோடு, எப்படிப் பரவி ஏறியது என்பதையும் பார்க்க வேண்டும். மாவு பிசைந்த மாதிரி சமமாகவா, திட்டுத் திட்டாகவா, ஓரத்தில் மட்டும் வளையமாகவா, நடுவே கறுப்புக் கோடுகள் ஓடுகின்றனவா? அம்மாவின் ரிப்போர்ட்டில் உள்ள "சீரில்லாமல்" என்ற ஒரு சொல் இதைத்தான் குறிக்கிறது. அந்தச் சொல்லை ரேடியாலஜிஸ்ட் கண்ணால் பார்த்து எழுதுகிறார். டெக்ஸ்சர் அனாலிசிஸ் அதையே எண்ணாக எழுதப் பார்க்கிறது.

எனக்கு ஊர் சேரன்மகாதேவி. பத்தமடை பக்கத்து ஊர். எங்க ஆச்சி பாய் வாங்கப் போனால் கண்ணால் பார்க்க மாட்டாள், உள்ளங்கையை மேலே ஓட்டுவாள். தாமிரபரணித் தண்ணீரில் ஊறப்போட்டு நுணுக்கமாகக் கீறிய கோரையில் நெய்த பாய் கைக்குப் பட்டு மாதிரி வழுக்கும். கனமான கோரையில் நெய்தது நெருடும். இரண்டும் ஒரே நிறமாக இருக்கலாம், ஒரே நீள அகலமாக இருக்கலாம். கை சொல்லும் வித்தியாசம், பக்கத்துப் பக்கத்தில் எது எதோடு உட்கார்ந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. டெக்ஸ்சரைத் தமிழில் இழையமைப்பு என்று சொல்லலாம். கணினி செய்வதும் ஆச்சியின் உள்ளங்கை செய்ததுதான்.

தம்பியிடம் இந்தச் சின்னக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நாலுக்கு நாலு, 16 கட்டம் உள்ள ஒரு துண்டுப் பாய். வெள்ளைக் கோரைக்கு 1, சிவப்புக் கோரைக்கு 2. முதல் பாயில் ஒவ்வொரு வரிசையும் 1, 1, 2, 2. இரண்டாவது பாயில் சதுரங்கப் பலகை மாதிரி ஒரு வரிசை 1, 2, 1, 2. அடுத்த வரிசை 2, 1, 2, 1. இரண்டிலும் எட்டு வெள்ளை, எட்டு சிவப்பு. சராசரி இரண்டிலும் 1.5. சராசரியை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே பாய்.

இப்போது இடமிருந்து வலமாகப் பக்கத்துப் பக்கத்து ஜோடிகளை எண்ணுங்கள். வரிசைக்கு மூன்று, மொத்தம் 12 ஜோடி. முதல் பாயில் வெள்ளை-வெள்ளை 4, வெள்ளை-சிவப்பு 4, சிவப்பு-சிவப்பு 4. இரண்டாவதில் 12 ஜோடியுமே வேறு வேறு நிறம். ஒவ்வொரு ஜோடியிலும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கத்தை எடுத்துச் சராசரி போட்டால் முதல் பாய்க்கு 0.33, இரண்டாவதற்கு 1. இதற்கு ‘கான்ட்ராஸ்ட்’ என்று பெயர். இனி மேலிருந்து கீழாக எண்ணுங்கள். முதல் பாயில் எல்லா ஜோடியும் ஒரே நிறம், கான்ட்ராஸ்ட் பூஜ்யம். இரண்டாவதில் அப்போதும் 1. ஒரே பாய், எண்ணும் திசை மாறியதும் விடை மாறிவிட்டது. அதனால்தான் படத்தில் கிடை, நெடுக்கு, இரண்டு மூலைவிட்டம் என நாலு திசையிலும் எண்ணிச் சராசரி எடுப்பார்கள். முப்பரிமாணத்தில் எண்ணினால் திசை 13 ஆகும்.

இந்த ஜோடி எண்ணும் அட்டவணையை வைத்து 14 அளவுகளை வகுத்துக் கொடுத்தது 1973-ல் வந்த ஒரு கட்டுரை. எழுதியவர்கள் ஹாராலிக், சண்முகம், டின்ஸ்டைன் மூவர். நடுவில் உள்ள பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம். அவர்கள் எடுத்துக்கொண்டது நோயாளிகளின் படங்களை அல்ல. மணற்கல்லின் நுண்ணோக்கிப் படம், விமானத்திலிருந்து எடுத்த நிலப்படம், செயற்கைக்கோள் படம் ஆகிய மூன்றைத்தான். பிசான நடவு முடிந்த வயலும், வாழைத் தோப்பும், திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரியும் மேலிருந்து பார்த்தால் எப்படி வேறு வேறு நெசவாகத் தெரியுமோ, அந்த மாதிரி வித்தியாசத்தைக் கணக்கு பிடிக்கிறதா என்று பார்த்தார்கள். மணற்கல்லில் 89, விமானப் படத்தில் 82, செயற்கைக்கோள் படத்தில் 83 சதவீதம் சரியாக வகைப்படுத்தியது. பிறப்பிலேயே அது நூற்றுக்குப் பத்து இருபது தவறு செய்த கணக்கு. வயலை வாழை என்று சொன்னால் திருத்திக்கொள்ளலாம். அம்மாவின் கட்டியில் அந்தத் தவறுக்கு விலை வேறு.

நிலத்துக்கு வந்த கணக்கு மார்பக எம்ஆர்ஐக்கு வரக் கொஞ்ச காலம் பிடித்தது. இங்கிலாந்தின் ஹல் நகரில் கிப்ஸ், டர்ன்புல் இருவரும் மருந்தேற்றிய மார்பகப் படங்களில் இதைச் செய்து 2003-ல் வெளியிட்டார்கள். இழையமைப்பு எண்கள் புற்றுநோயையும் சாதாரணக் கட்டியையும் ஓரளவு பிரித்தன. கட்டியின் அளவும் நோயாளியின் வயதும் சேர்ந்தபோது இன்னும் நன்றாகப் பிரித்தன. வெறும் எண்ணை விட, ஆளைச் சேர்த்துப் பார்த்த எண் நன்றாக வேலை செய்தது என்பதைக் கவனியுங்கள்.

ஏன் பிரிகிறது என்பதற்கு உடலில் காரணம் இருக்கிறது. புற்றுநோய்க் கட்டி ஒரே மாதிரி வளர்வதில்லை. ஒரு மூலையில் குழாய்கள் அடர்ந்து ரத்தம் பாயும். இன்னொரு மூலையில் ரத்தம் போதாமல் செல்கள் செத்துக் கிடக்கும். நடுவில் தழும்பு நார். அதனால் மருந்து ஏறும்போது வெள்ளையும் சாம்பலும் கறுப்பும் கலந்து வரும். இளம் பெண்களுக்கு அதிகம் வரும் ஃபைப்ரோஅடினோமா என்ற சாதுக் கட்டியோ, பெரும்பாலும் உள்ளே ஒரே சீராக இருக்கும். சிலவற்றில் மருந்து ஏறாத கறுப்புத் தடுப்புகள் ஓடும். இந்தக் கலப்படத்தின் அளவைச் சொல்லும் எண்தான் என்ட்ரோபி. எத்தனை விதமான சாம்பல் நிறங்கள் எவ்வளவு சரிசமமாகக் கலந்து கிடக்கின்றனவோ அவ்வளவு என்ட்ரோபி கூடும். ஆகவே "என்ட்ரோபி கூடினால் சந்தேகம் கூடும்" என்று தம்பி படித்தது தப்பில்லை.

ஆனால் எதை விடக் கூடியது என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது.

மென்பொருள் கணக்குப் போடும் முன் படத்தின் சாம்பல் நிறங்களைச் சில படிகளாகப் பிரித்துக்கொள்ளும். 16 படி, 32 படி, 64 படி என்று நாம் எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம். 16 படி வைத்தால் சாதாரண என்ட்ரோபி அதிகபட்சமே 4தான், 4.7 வரவே வராது. 32 படிக்கு உச்சம் 5; அப்படியானால் 4.7 என்பது கிட்டத்தட்ட கூரையைத் தொட்ட எண். 64 படிக்கு உச்சம் 6, அங்கே 4.7 அவ்வளவு பயமுறுத்தாது. அவர் எடுத்தது ஜோடி அட்டவணையின் என்ட்ரோபி என்றால் 16 படிக்கே உச்சம் 8, அதில் 4.7 நடுவாந்தரம். ஒரே கட்டி, ஒரே படம். தம்பி ஒரு பெட்டியில் எந்த எண்ணைத் தட்டினார் என்பதைப் பொறுத்து அதே 4.7 பூதமாகவும் தெரியும், ஒன்றுமில்லாததாகவும் தெரியும். அந்தப் பெட்டியில் முன்னிருப்பாக என்ன இருந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் கவனித்திருக்க மாட்டார். முதல் தடவை நானும் கவனிக்கவில்லை.

அடுத்தது, கட்டியைச் சுற்றிக் கோடு வரைவது. 12 மி.மீ. கட்டி, ஒரு பிக்சல் 0.8 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். குறுக்கே 15 பிக்சல்தான். ஒரு வெட்டுப் படத்தில் கட்டி மொத்தமும் ஏறக்குறைய 177 பிக்சல். கோட்டை ஒரே ஒரு பிக்சல் உள்ளே தள்ளி வரைந்தால் 44 பிக்சல் போய்விடும், அதாவது கால் பங்கு. அந்த ஓரப் பிக்சல்களில் கட்டியும் பக்கத்துக் கொழுப்பும் கலந்திருக்கும். அவற்றைச் சேர்த்தால் கலப்படம் கூடியதாகக் கணக்கு காட்டும், விட்டால் குறைத்துக் காட்டும். கை நடுங்கினால் நோய் கூடிவிடுகிறது! இதில் 64 படி வைத்தால் ஜோடி அட்டவணைக்கு 4,096 கட்டங்கள். ஒரு திசையில் கிடைக்கும் நூற்று அறுபது சொச்சம் ஜோடிகளை அந்த நாலாயிரம் கட்டங்களில் தூவினால் பெரும்பாலானவை காலியாகத்தான் கிடக்கும். பெரிய கட்டிக்குப் பொருந்தும் கணக்கு சின்னக் கட்டியில் தள்ளாடுவது இதனால்தான். பாவம், எந்தக் கட்டியைப் பார்த்துக் கண்ணால் முடிவு சொல்ல முடியவில்லையோ அது அநேகமாகச் சின்னதாகத்தான் இருக்கிறது.

இதையெல்லாம் விடப் பெரிய சிக்கல் எம்ஆர்ஐயின் இயல்பிலேயே இருக்கிறது. சிடி ஸ்கேனில் தண்ணீர் என்றால் உலகம் முழுக்க 0, காற்று என்றால் ‑1000. எம்ஆர்ஐயில் அப்படி ஒரு பொது அளவுகோல் கிடையாது. ஒரு பிக்சலின் எண் 600 என்றால் அந்த மிஷினில், அந்தக் காயிலில், அன்றைய அமைப்பில் 600. அவ்வளவே. காந்தத்தின் வலு 1.5 டெஸ்லாவா 3 டெஸ்லாவா, படத்தில் கொழுப்பின் வெளிச்சத்தைச் சரியாக அமுக்கினார்களா, மருந்து போட்ட எத்தனையாவது நிமிஷத்துப் படம், எவ்வளவு கனமான வெட்டு என்று எது மாறினாலும் இழையமைப்பு மாறும். காயிலுக்குப் பக்கத்தில் உள்ள பகுதி கூடுதல் வெள்ளையாகத் தெரியும். அதைச் சமப்படுத்தாமல் கணக்குப் போட்டால், கட்டியோடு மிஷினையும் சேர்த்து அளந்த கதைதான்.

சில வருஷத்துக்கு முன் ஓர் அம்மா மூன்று வார இடைவெளியில் இரண்டு இடங்களில் எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டு வந்தார். முதல் தடவை எடுக்கும்போது இருமல், அசைந்துவிட்டார். அதனால் இரண்டாம் தடவை. கட்டி ஒன்றுதான், மூன்று வாரத்தில் பெரிதாக மாறவும் இல்லை. எனக்கு ஆர்வம். இரண்டு படத்தையும் ஒரே மென்பொருளில், ஒரே படி எண்ணிக்கையில் ஓட்டிப் பார்த்தேன். அசைந்த படத்தில் கட்டியின் விளிம்புகள் கரைந்து பரவி, இழையமைப்பு வழவழப்பாகிவிட்டிருந்தது. அந்த எண்ணை மட்டும் பார்த்திருந்தால் "சாதுக் கட்டி" என்று சொல்லத் தோன்றும். பயாப்சியில் அது புற்றுநோய். வெறும் இருமல் ஓர் எண்ணை அவ்வளவு தூரம் நகர்த்தியதைப் பார்த்த பிறகு, தனியாக நிற்கும் எண்ணை நான் நம்புவதை விட்டுவிட்டேன்.

இது துறையில் எல்லோருக்கும் தெரிந்த குறைதான். ஒரே பெயருள்ள அளவை ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விதமாகக் கணக்கிட்டதால், 25 ஆய்வுக் குழுக்கள் சேர்ந்து ஒவ்வொரு சூத்திரமாக ஒப்பிட்டு, 174 அளவுகளில் 169ஐப் பொது நியமத்துக்குக் கொண்டுவந்து 2020-ல் வெளியிட்டார்கள். பெரிய காரியம். ஆனாலும் சூத்திரம்தான் ஒன்றானது. படம் எடுக்கும் விதம் ஊருக்கு ஊர் வேறாகத்தான் இருக்கிறது.

ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும்போது தம்பி இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எத்தனை நோயாளிகள், எத்தனை அளவுகள்? ஒரு கட்டியிலிருந்து நானூறு எண்களைக் கறந்துவிடலாம். புற்றுநோயோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத நானூறு எண்களை எடுத்துக்கொண்டாலே, நூற்றுக்கு ஐந்து என்ற வழக்கமான வரம்பில் இருபது எண்கள் தற்செயலாகவே "சம்பந்தம் உண்டு" என்று தலையாட்டும். எண்பது பேரை வைத்துக்கொண்டு அந்த இருபதிலிருந்து ஒரு சூத்திரம் செய்தால் அந்த எண்பது பேருக்கும் பிரமாதமாகப் பொருந்தும், எண்பத்தோராவது ஆளுக்குப் பொருந்தாது. எனவே வேறு ஊரில், வேறு மிஷினில், வேறு ஆட்களிடம் பரிசோதித்தார்களா என்பதுதான் நான் முதலில் தேடும் வரி. அது இல்லாவிட்டால், எவ்வளவு பளபளப்பான முடிவாக இருந்தாலும் நோயாளியிடம் அதைப் பேச மாட்டேன்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல உதாரணம் உண்டு. எம்ஆர்ஐயிலேயே டிஃப்யூஷன் என்று ஒரு பகுதி இருக்கிறது. கட்டிக்குள் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்று அளப்பது. செல்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் புற்றுநோயில் நீர் நகர இடமிருக்காது. அந்த அளவுக்கு உண்மையான பௌதிக அலகு உண்டு. ஒரு நொடிக்கு இத்தனை சதுர மில்லிமீட்டர். அதனால் ஓர் ஊரில் கண்ட எல்லைக்கோடு இன்னோர் ஊருக்கும் ஓரளவு செல்லும். அமெரிக்காவில் பல மையங்கள் சேர்ந்து நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படி ஒரு எல்லைக்கோடு வைத்தால் புற்றுநோயைத் தவறவிடாமலேயே பயாப்சிகளை 20.9 சதவீதம் குறைத்திருக்கலாம் என்று கண்டார்கள். இழையமைப்பு எண்ணுக்கு அப்படி ஓர் அலகு இல்லை. இந்த ஒரு வித்தியாசத்தைத் தம்பி பிடித்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

கண்ணுக்கே இழையமைப்பைப் பார்க்கத் தெரியும் என்பதையும் மறக்கக் கூடாது. கைசர் ஸ்கோர் என்று ஒன்றை நாங்கள் பயன்படுத்துகிறோம். கட்டியிலிருந்து வேர் மாதிரி முட்கள் ஓடுகின்றனவா, மருந்தின் கோடு எப்படி, விளிம்பு எப்படி, உள்ளே மருந்து பரவிய விதம் எப்படி, சுற்றிலும் நீர்கோத்திருக்கிறதா என்று ஐந்து கேள்வி. 1 முதல் 11 வரை மதிப்பெண். 4ஐத் தாண்டினால் பயாப்சி. ஐந்தில் நாலாவது கேள்வி இழையமைப்புதான். ஐந்து சாட்சிகளில் ஒரு சாட்சி. தம்பி அந்த ஒரு சாட்சியை மட்டும் தனியே கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்.

அந்த ஒரு சாட்சி எப்படியெல்லாம் ஏமாற்றும் என்பதை எங்கள் மேஜையில் அடிக்கடி பார்க்கிறோம். நம் நாட்டில் பால் கொடுத்து ஓய்ந்த இளம் பெண்களுக்குக் கிரானுலோமா வகை மார்பக அழற்சி வரும். மார்பகத்தில் காசநோயும் வரும். இரண்டுமே ஓரத்தில் வளையம், உள்ளே திட்டுத் திட்டு, சீழ் கோத்த பள்ளம் என்று அச்சு அசல் புற்றுநோய் மாதிரி படத்தில் நிற்கும். என்ட்ரோபி எகிறும். சதையை எடுத்துப் பார்த்தால் புற்றுநோய் இருக்காது. நேர்மாறும் உண்டு. மியூசினஸ் என்ற புற்றுநோய் வகை வழவழப்பாக, தண்ணீர்க் கட்டி மாதிரி வெளிச்சமாகத் தெரியும். ட்ரிப்பிள் நெகட்டிவ் என்ற புற்றுநோய் வகையில் சில, கோலிக்குண்டு மாதிரி உருண்டையாக, விளிம்பு மழமழவென்று வரும். வெளிநாட்டுப் படங்களில் கற்றுக்கொண்ட ஒரு சூத்திரம் நம் ஊர்க் காசநோயைப் பார்த்தே இருக்காது. அதனிடம் நம்மவர் ஒருவரின் படத்தைக் கொடுத்தால் தெரிந்த இரண்டு பதிலில் ஒன்றைத்தான் சொல்லும்.

பெரியம்மாவின் பயத்துக்கு வருகிறேன். அது அவருடைய பயம் மட்டுமல்ல. என் மேஜைக்கு எதிரே உட்காரும் பத்துப் பேரில் பலர் இதையே கேட்கிறார்கள், அதில் படித்தவர்களும் உண்டு. ஊசி போன தடத்தில் சில செல்கள் இடம் மாறுவது உண்டு, மறைக்கவில்லை. அவற்றில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. பிறகு செய்யும் அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் அந்த இடத்தையும் கவனித்துக்கொள்கின்றன. ஊசிப் பயாப்சி செய்ததால் ஆயுள் குறைவதில்லை. ஆயுளைக் குறைப்பது, ஊசிக்குப் பயந்து நாலு மாதம் நாட்டு மருந்து, ஆறு மாதம் நேர்த்திக்கடன் என்று தள்ளிப்போட்டு, கட்டி அக்குளுக்குப் போன பிறகு ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு வருவது. அப்படி வந்த முகங்கள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று. புற்றுநோயா இல்லையா என்பதோடு பயாப்சியின் வேலை முடிவதில்லை. புற்றுநோய் என்றால் அது ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகள் உள்ளதா, ஹெர்‑2 என்ற புரதம் கூடுதலாக உள்ளதா என்று அந்தச் சதைத் துணுக்கில்தான் பார்க்க வேண்டும். மாத்திரை போதுமா, கீமோ வேண்டுமா, ஹெர்‑2க்கான ஊசி மருந்து வேண்டுமா, கத்தி முதலிலா மருந்து முதலிலா என்பதெல்லாம் அதிலிருந்துதான் முடிவாகும். இழையமைப்பை வைத்து இந்த வகைகளை ஊகிக்கும் ஆய்வுகள் நடக்கின்றன. ஆனால் ஊகத்தை வைத்து எந்த டாக்டரும் கீமோ எழுத மாட்டார்.

அப்படியானால் டெக்ஸ்சர் அனாலிசிஸுக்கு இடமே இல்லையா? இருக்கிறது. 2017-ல் அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் எஃப்டிஏ, மார்பக எம்ஆர்ஐ படிக்கும் டாக்டருக்குப் பக்கத்திலிருந்து உதவும் ஒரு மென்பொருளுக்கு அனுமதி கொடுத்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் பல வருஷம் நடந்த ஆராய்ச்சியில் பிறந்தது அது. கட்டியின் வடிவம், இழையமைப்பு, மருந்தின் போக்கு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மதிப்பைக் காட்டும். முடிவு டாக்டருடையது. எனக்கு இதைவிட நம்பிக்கை தரும் இடம் இன்னொன்று. அறுவை சிகிச்சைக்கு முன் கீமோ கொடுக்கும்போது, கட்டி சுருங்கத் தொடங்கும் முன்பே அதன் உள்நெசவு மாறத் தொடங்கலாம். அங்கே ஒப்பிடுவது அதே ஆளை, அதே மிஷினில், கீமோவுக்கு முன்னும் பின்னும். அலகு இல்லாத எண்ணுக்கும் அங்கே ஒரு அர்த்தம் வந்துவிடுகிறது, ஏனென்றால் எதை விடக் கூடியது, எதை விடக் குறைந்தது என்பதற்குப் பதில் கையிலேயே இருக்கிறது.

பயாப்சியில் "சாதாரணக் கட்டி" என்று வந்தாலும் படத்தைத் தூக்கிப் போட்டுவிட மாட்டோம். படம் ஒன்று சொல்லி, சதை வேறொன்று சொன்னால், ஊசி சரியான இடத்தில் பட்டதா என்று மறுபடி பார்ப்போம், தேவைப்பட்டால் மறுபடி எடுப்போம். ரிப்போர்ட் வாங்கும்போது "படமும் பயாப்சியும் ஒத்துப்போகுதா சார்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்கலாம், யாரும் கோபப்பட மாட்டார்கள்.

தம்பியிடம் ஒரு வேலை கொடுங்கள். அவர் எந்த வரிசைப் படத்தை எடுத்தார், மருந்துக்கு முந்தையதா பிந்தையதா கழித்ததா, சிடியில் இருந்த டைகாம் கோப்பா (மிஷின் எழுதிய மூலப் படம்) அல்லது திரையிலிருந்து பிடித்த ஜேபெக் படமா என்று பார்க்கட்டும். ஜேபெக் என்றால் அந்த 4.7ஐ இப்போதே மறந்துவிடலாம், ஏனென்றால் கோப்பைச் சுருக்கும்போதே நெசவு சிதைந்துவிடும். சிடியைப் பத்திரமாக வைத்திருங்கள். பயாப்சி செய்யப்போகும் டாக்டருக்கு ரிப்போர்ட்டை விட அது முக்கியம். பழைய மேமோகிராம் படம் வீட்டில் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.

அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள். படுக்க வைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, அல்ட்ராசவுண்டில் கட்டியைப் பார்த்துக்கொண்டே சுமார் 2 மி.மீ. கனமுள்ள ஊசியில் மூன்று நாலு துணுக்கு எடுப்பார்கள். ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், பயப்பட வேண்டாம். அல்ட்ராசவுண்டில் கட்டி தெரியாவிட்டால் எம்ஆர்ஐயில் வைத்தே எடுக்கும் வசதி உள்ள இடத்துக்கு அனுப்புவார்கள். ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமலிருக்க வேறு மாத்திரையோ சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், நாமாக நிறுத்தக் கூடாது. அன்று வலது கையால் குடம் தூக்க வேண்டாம். பெரியம்மாவையும் கூட அழைத்துப் போங்கள். வெளியே உட்கார்ந்திருந்து, அரை மணி நேரத்தில் தங்கச்சி நடந்து வருவதை அவர் கண்ணால் பார்க்கட்டும்.